யாருக்கென்று கேட்காத சோறு

கம்போடியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கோர் வாட் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் அதற்குத்தான் போனேன். சியம் ரீப்பில் மூன்று நாள் கோயில் கோயிலாக அலைந்ததில் கண் மரத்துப்போய்விட்டது. மீதி நாட்களை என்ன செய்வது என்று தெரியாமல் பட்டம்பாங்குக்குப் பஸ் ஏறினேன். நெல் விளைகிற ஊர். நம்மூர் தஞ்சாவூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் இருக்கும்போது அம்மா போன் செய்தாள். "மகாளய பட்சம் நடக்குது. அமாவாசைக்குள்ள வந்துருவியாடா?" என்றாள். அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. வந்துவிடுவேன் என்றேன். "இப்ப எங்க போற?" என்று கேட்டாள். ஒரு மலை, குகையெல்லாம் இருக்கு, புத்தர் கோயில் என்றேன். "குகைக்கெல்லாம் இந்த பதினஞ்சு நாள்ல போகணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த மலையின் பெயர் புனோம் சம்பாவ். கெமர் மொழியில் புனோம் என்றால் மலை, சம்பாவ் என்றால் கப்பல். பட்டம்பாங்கிலிருந்து பைலின் போகிற சாலையில் சுமார் 12 கிலோமீட்டர். தட்டையான வயல்வெளி நடுவே சுண்ணாம்புக்கல் குன்று ஒன்று சட்டென்று எழுந்து நிற்கிறது. நூறு மீட்டர் உயரம்தான் இருக்கும். சுற்றி மலையே இல்லாததால் பெரிதாகத் தெரிகிறது.

கப்பல் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. ரும்சாய் சோக் என்றொரு பெண். அவளை விட்டுவிட்டு வேறொருத்தியை மணக்கக் கப்பலேறிப் போகிறான் ஓர் இளவரசன். அவள் வளர்த்த முதலை கப்பலை மறிக்கிறது. கடைசியில் அவள் தன் கொண்டை ஊசியை உருவிக் கடலில் எறிகிறாள். கடல் வற்றிவிடுகிறது. கப்பல் தரைதட்டி இந்த மலையாகிறது. நீரில்லாமல் செத்த முதலை பக்கத்து மலையாகிறது. அந்த மலைக்குப் பெயரே முதலை மலைதான். கப்பலில் இருந்த கோழிக்கூடும் வாத்துக்கூடும்கூட அங்கே குன்றுகளாக நிற்கின்றன.

இந்தக் கதையைச் சொன்னவர்களுக்குப் புவியியல் தெரிந்திருக்காது. ஆனால் அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது உண்மை. இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அந்தக் கடலில் வாழ்ந்து செத்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியதுதான் இந்தச் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிக் கல்லை அரித்து அரித்துக் குகைகளைக் குடைந்திருக்கிறது. மனிதர்கள் பிறகு வந்து அந்தக் குகைகளில் புத்தரை வைத்தார்கள். உச்சியில் விகாரை கட்டினார்கள்.

1975க்குப் பிறகு அதே விகாரையைக் கெமர் ரூஜ் சிறையாக மாற்றியது.

*

டுக்டுக் ஓட்டியவருக்கு நாற்பது வயதிருக்கும். என்னை 'பிரதர்' என்று கூப்பிட்டார். நான் அவரை 'போங்' என்றேன். அண்ணனுக்கு கெமர் மொழியில் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஓட்டலில் கற்றுக்கொண்டிருந்தேன். பாதி மலை வரை அவரே கூட வந்தார். குகை வாசலில், "நீங்க போய்ட்டு வாங்க பிரதர், நான் இங்கயே இருக்கேன்" என்று நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் காரணம் கேட்கவில்லை.

படி இறங்கினால் பெரிய கூடம். குளிர்ச்சி. சாய்ந்து படுத்த புத்தர், தங்க வண்ணம் பூசியது. அவர் காலடிப் பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் மண்டையோடுகளும் எலும்புகளும். அண்ணாந்து பார்த்தால் குகையின் கூரையில் இயற்கையாக அமைந்த ஒரு திறப்பு. அதன் வழியாக வெளிச்சம் நேராக விழுகிறது. ஓரத்தில் செடிகொடி தொங்குகிறது. ஏதும் தெரியாமல் வருகிறவர் அழகான இடம் என்று போட்டோ எடுப்பார். அந்தத் திறப்பின் விளிம்பில்தான் ஆட்களை நிறுத்தினார்கள். தோட்டாவை வீணாக்கக் கூடாது என்று அடித்தே கொன்று, அல்லது பாதி உயிரோடேயே, உள்ளே தள்ளினார்கள்.

நமக்கு மணிமேகலை தெரியும். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குகிறாள். பசித்தவர்களுக்குச் சோறு போட்ட பிறகு அரசனிடம் அவள் கேட்கிற ஒரே வரம் அதுதான். பௌத்தக் காப்பியம் என்று அதைப் பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்தேன். அந்தக் குகையில் நின்றபோதுதான் அந்தக் காட்சி எதிர்த்திசையிலும் நடக்கும் என்று உறைத்தது. இங்கே அறக்கோட்டம் சிறைக்கோட்டம் ஆகி, நாலு வருஷம் கழித்து மறுபடி அறக்கோட்டம் ஆகியிருக்கிறது. கல் அதே கல்தான். மணிமேகலை இங்கே வந்தால் எதை மாற்றச் சொல்லிக் கேட்பாள்?

மேலே விகாரையில் ஒரு துறவி பெருக்கிக்கொண்டிருந்தார். குரங்குகள் வாழைப்பழத்துக்குச் சண்டை போட்டன. உச்சிக்குப் பக்கத்தில் துருப்பிடித்த பழைய பீரங்கிகள் இரண்டு. தொண்ணூறுகளில்கூட அரசுப் படை இங்கிருந்து முதலை மலைப் பக்கம் இருந்த கெமர் ரூஜைச் சுட்டுக்கொண்டிருந்தது. கதையில் வந்த கப்பலும் முதலையும் இந்த நூற்றாண்டு பிறக்கச் சில வருஷம் இருக்கும்வரை சண்டை போட்டிருக்கின்றன.

*

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் பித்தலாட்டம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் என்னிடம் ஒரு வேலை வந்தது. ஊழியர்களின் பல தகவல்களை ஒன்றாக இழுத்து, ஆளுக்கொரு மதிப்பெண் போட்டு, வரிசைப்படுத்தித் தர வேண்டும். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமலும் இல்லை. இரண்டு நாளில் கோட் எழுதிக் கொடுத்தேன். பட்டியலில் கீழே இருந்த நாற்பத்தியோரு பேருக்கு அடுத்த மாதம் வேலை போனது. அதில் ஒருவன் கல்லூரியிலிருந்தே என் நண்பன். அவன் மனைவிக்கு அப்போது ஆறு மாதம். விடுப்பு அதிகம் எடுத்தவர்களுக்கு மதிப்பெண் குறையும்படி ஒரு வரி அந்த கோடில் இருந்தது. அவன் ஏன் விடுப்பு எடுத்தான் என்று எனக்குத் தெரியும்.

அவனுக்கு நீளமாக ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பினேன். முடிவு என்னுடையது இல்லை, நான் எழுதாவிட்டால் வேறொருவன் எழுதியிருப்பான், சிஸ்டம் அப்படி மச்சான், மன்னிச்சிரு. இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சில மாதம் கழித்து எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. இவ்வளவு கேட்டும் ஒரு 'பரவால்லடா' சொல்ல முடியாதா?

வேலை போவதும் குகைக்குள் தள்ளப்படுவதும் ஒன்றில்லை. ஒப்பிடுவதே அசிங்கம், தெரியும். ஆனால் அந்தக் கூடத்தில் நின்றபோது என் மனசு போன இடம் இதுதான். செயலின் அளவு வேறு. செய்தவன் தனக்குச் சொல்லிக்கொள்கிற சாக்கு மட்டும் ஒரே மாதிரி இருந்தது.

எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் 'போஸ்ட்மார்ட்டம்' எழுதுவோம். அதற்கு ஒரு விதி உண்டு: யார் பெயரையும் குற்றம்சாட்டிச் சொல்லக் கூடாது. எந்த ஏற்பாடு அவரைத் தப்புச் செய்ய விட்டது என்று மட்டும் கேட்க வேண்டும். நல்ல விதிதான். ஆளைத் திட்டினால் அடுத்த முறை அவர் தப்பை மறைப்பார்; சர்வர் மறுபடி விழும். ஆனால் அந்த விதி தெரியாமல் செய்த தப்புக்கானது. தெரிந்து செய்ததற்கும் அதையே நீட்டினால், வினைச்சொல் மட்டும் மிச்சமிருக்கும், எழுவாய் காணாமல் போய்விடும். பட்டியல் எடுக்கப்பட்டது. ஆட்கள் குறைக்கப்பட்டார்கள்.

கெமர் ரூஜுக்கு அந்த எழுவாயை மறைக்க ஒரு சொல் இருந்தது: அங்கார். அமைப்பு என்று பொருள். கூப்பிட்டது அங்கார், முடிவெடுத்தது அங்கார், தண்டித்தது அங்கார். ஆரம்பத்தில் தலைவர்கள் யார் என்றே மக்களுக்குத் தெரியாது. விளிம்பில் நின்று தள்ளிய பையனுக்குப் பதினாலு, பதினைந்து வயதுகூட இருந்திருக்கலாம். அவனிடம் கேட்டால் அங்காரைக் கைகாட்டுவான். அங்காரிடம் கேட்கலாம் என்றால் அங்கே ஆள் இல்லை.

*

பௌத்தத்தில் இதற்கு ஒரு பதில் உண்டு. அமைப்பு என்று ஒன்று வினை செய்வதில்லை. செய்தவன் வினை செய்தவனோடு போகும். மனதில் எண்ணி, உடலால் செய்தால் அது உன்னுடையது. உத்தரவு யார் போட்டார் என்பது அவர் கணக்கில் ஏறும், உன் கணக்கில் கழியாது. இது கறாரான அறம். எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று இதை யோசித்தால் ஓர் இடத்தில் தொண்டை அடைக்கிறது. கொன்றவன் பக்கம் திரும்பினால் வினைக்கொள்கை ஆறுதலாக இருக்கிறது: தப்ப முடியாது, என்றைக்காவது அனுபவிப்பான். அதே கொள்கையைச் செத்தவர் பக்கம் திருப்பினால்? அந்தக் குழந்தை போன பிறவியில் என்ன செய்தது என்று கேட்க வேண்டிவரும். அந்தக் கேள்வியைக் கேட்கிறவன் மேலே விளிம்பில் நிற்கிறவனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறான். எல்லா அனுபவமும் பழைய வினையால்தான் வருகிறது என்பதைப் புத்தரே தப்பான கொள்கை என்று மறுத்திருக்கிறார். அதனால் நான் இப்படி வைத்துக்கொண்டேன்: வினை என்பது நான் என்னைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி. பக்கத்து வீட்டுக்காரனின் துன்பத்துக்கு விளக்கம் சொல்லக் கொடுத்த கோனார் உரை இல்லை.

வினை பார்த்துக்கொள்ளும் என்பதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. மனிதர்கள் எதுவும் செய்ய வேண்டாம். 1998 டிசம்பரில் கெமர் ரூஜின் மூத்த தலைவர்கள் இருவர், நுவோன் சியாவும் கியூ சம்பானும், சரணடைந்தார்கள். அப்போது பிரதமர் ஹுன் சென், ஒரு குழி தோண்டிப் பழையதைப் புதைத்துவிடலாம் என்ற பொருளில் பேசினார். போர் ஓய வேண்டும் என்ற நியாயம் அதில் இருந்திருக்கலாம். அவரே ஒரு காலத்தில் கெமர் ரூஜ் படையில் இருந்து 1977இல் தப்பி ஓடியவர். ஆனால் அந்த நாட்டில் குழி என்ற சொல்லை எப்படிச் சொல்ல முடிந்தது என்று புனோம் சம்பாவ் பார்த்தவனுக்குத் தோன்றும்.

பிறகு நீதிமன்றம் வந்தது. ஐ.நா. துணையோடு 2006 முதல் 2022 வரை நடந்தது. 30 கோடி டாலருக்கு மேல் செலவு. தண்டனை பெற்றவர்கள் மூன்றே பேர். இதைக் கேட்டதும் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் அங்கே எழுவாய் திரும்பி வந்தது. அங்கார் என்று யாரும் நழுவ முடியாமல், இன்னார் இன்னாரைக் கொல்லச் சொன்னார் என்று பெயரோடு எழுதினார்கள்.

*

அந்த மூவரில் ஒருவர் டூச். முன்னாள் கணக்கு வாத்தியார். புனோம் பென்னில் எஸ்-21 என்ற சிறையை நடத்தியவர். குறைந்தது 12,000 பேர் அங்கிருந்து சாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் கெமர் ரூஜ் ஆட்களே. இயக்கம் தன்னையே தின்றது. ஒவ்வொருவருக்கும் கோப்பு, புகைப்படம், வாக்குமூலம். பட்டியல்கள் சுத்தமாக இருக்கும். கணக்கு வாத்தியார் அல்லவா. அந்தப் பட்டியல்களைப் பற்றி வாசித்தபோது என் எக்செல் கோப்பு ஞாபகம் வந்ததை இங்கே மறைக்கவில்லை.

டூச் பின்னாளில் கிறிஸ்தவரானார். நீதிமன்றத்தில் பொறுப்பை ஒப்புக்கொண்டார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் 2009 நவம்பரில் விசாரணையின் கடைசி நாளில் எழுந்து, என்னை விடுதலை செய்யுங்கள் என்றார். 2010இல் 35 ஆண்டு தண்டனை, 2012 மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை. 2020இல் இறந்தார்.

அங்குலிமாலன் கதை ஞாபகம் வந்தது. ஆட்களைக் கொன்று விரல்களை மாலையாகப் போட்டுக்கொண்டவன். புத்தரைச் சந்தித்துத் துறவியாகிறான். சேனையோடு அவனைப் பிடிக்க வந்த அரசன் பசேனதி, துறவிக்கோலத்தில் பார்த்ததும் வணங்கிவிட்டுப் போய்விடுகிறான். சின்ன வயதில் இந்த இடத்தோடு கதையை முடித்துச் சொன்னார்கள். கொடியவனும் திருந்தலாம், சுபம்.

பாலி சூத்திரத்தில் கதை இன்னும் கொஞ்ச தூரம் போகிறது. அங்குலிமாலன் பிச்சைக்குப் போகிறான். ஒருவர் எறிந்த மண்கட்டி அவன்மேல் விழுகிறது. இன்னொருவர் எறிந்த தடி, இன்னொருவர் எறிந்த ஓட்டாஞ்சில்லு. மண்டை உடைந்து, திருவோடு உடைந்து, கிழிந்த காவியோடு புத்தரிடம் வருகிறான். தாங்கிக்கொள் என்கிறார் புத்தர். நரகத்தில் நெடுங்காலம் அனுபவித்திருக்க வேண்டியதை இங்கேயே அனுபவிக்கிறாய், தாங்கிக்கொள். எறிந்தவர்கள் யார் என்று சூத்திரம் சொல்வதில்லை. பிள்ளையை, புருஷனைப் பறிகொடுத்தவர்களாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இதில் நான் கவனிக்காமல் விட்டிருந்த விஷயம் இதுதான். அங்குலிமாலன் அப்போது ஞானம் பெற்றுவிட்டவன். புத்தர் ஏற்றுக்கொண்டார், அரசன் ஏற்றுக்கொண்டான். அப்படியும் கல்லெறிந்தவர்களைப் பார்த்து, நான் மாறிவிட்டேனே, ஏன் எறிகிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை. புத்தரும் ஊராரிடம் போய், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அவன் மாறியது உண்மை. அந்த மாற்றத்தைக் காட்டி இழந்தவர்களிடம் எதையும் கேட்டு வாங்க முடியாது என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாய்தா கிடையாது.

டூச்சின் வருத்தம் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தில் அவர் அதற்கு விலை கேட்டார். நானும் கேட்டிருக்கிறேன். ஒரு 'பரவால்லடா'.

*

சாயங்காலம் அடிவாரத்தில் உட்கார்ந்தோம். ஐந்தரை தாண்டியதும் மலையின் ஓட்டையொன்றிலிருந்து வௌவால்கள் புறப்பட்டன. கறுப்பு நாடா ஒன்று அவிழ்ந்து வயல்மேல் வளைந்து வளைந்து போவது மாதிரி. லட்சக்கணக்கில் இருக்கும். அரை மணி நேரத்துக்கும் மேல் நிற்கவே இல்லை. நெல்லைக் கெடுக்கும் தத்துப்பூச்சிகளை ராத்திரி முழுக்கத் தின்னும் என்றார் டுக்டுக்காரர். அதன் எச்சத்தை அள்ளி உரமாக விற்கிறார்களாம்.

"நாளைக்குக் காலைல நாலு மணிக்கு எங்க ஊர் விகாரைக்கு வர்றீங்களா பிரதர்?" என்று கேட்டார். பச்சும் பென் நடக்கிறது என்றார். செத்தவர்களுக்கான பதினைந்து நாள், அமாவாசையில் முடியும். அதே தேய்பிறை. அம்மா போனில் சொன்ன அதே பட்சம். அந்தப் பெயரிலிருக்கும் 'பென்' வேறெதுவும் இல்லை, நம்முடைய பிண்டம்தான். சமஸ்கிருதத்திலிருந்து போய் அங்கே தேய்ந்து 'பென்' ஆகியிருக்கிறது.

போனேன். இருட்டு. நூறு பேர் இருக்கலாம், கையில் மெழுகுவர்த்தி, தட்டில் ஒட்டரிசிச் சோற்று உருண்டைகள். விகாரையைச் சுற்றி வந்து உருண்டைகளைத் தரையிலும் புதரோரத்திலும் போட்டுக்கொண்டே போகிறார்கள். பசியோடு அலையும் ஆவிகளுக்கு. அவற்றின் வாய் ஊசித்துளை அளவுதான், வெளிச்சம் ஆகாது, அதனால்தான் விடியுமுன். பௌத்தக் கணக்கில் பிரேதப் பிறவி பாவம் செய்தவர்களுக்கு வருவது. அப்படியென்றால் இந்தச் சோறு முதலில் போய்ச் சேர வேண்டியது யாருக்கு?

ராமேஸ்வரத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தபோது, கடைசியாக ஒரு முறை எள்ளும் தண்ணியும் விடச் சொன்னார் புரோகிதர். "இது உங்க அப்பாவுக்கு இல்ல தம்பி. கொடுக்க யாருமே இல்லாம போனவங்களுக்கு" என்றார். அப்போது அவசரத்தில் விட்டேன்.

டுக்டுக்காரரின் அம்மாவுக்கு எழுபதுக்கு மேல். மொட்டையடித்த தலை, வெள்ளைச் சட்டை. அவருடைய தம்பி அந்த மலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். இதற்காகத்தான் மகன் குகைக்குள் வரவில்லை. நான் அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். இந்தச் சோற்றைக் கொன்றவர்களின் ஆவியும் தின்னுமா என்று. மகன் தயங்கி மொழிபெயர்த்தார். அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். ஞானவாக்கியம் ஏதோ வருகிறது என்று நான் காத்திருந்தேன்.

"வழில நிக்காதீங்க, பின்னாடி ஆள் வர்றாங்கன்னு சொல்றாங்க" என்றார் அவர்.

திரும்பும் வழியில் அவரே சொன்னார். மாமாவைக் கூட்டிக்கொண்டு போன ஆள் இன்னும் இருக்கிறான். இரண்டு ஊர் தள்ளி. வயசாகிவிட்டது. அவனும் விகாரைக்கு வருவான், துறவிகளுக்குச் சோறு போடுவான். அவன் பேத்தி கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. அம்மா போகவில்லை. அவன் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "ஆனா ஒவ்வொரு வருஷமும் உருண்டை பிடிக்கும்போது நிறைய பிடிப்பாங்க. வீட்டு ஆளுங்க கணக்குக்கு மேல. ஏன்னு கேட்டா, பத்தாம போயிடக் கூடாதுன்னு சொல்வாங்க."

மன்னிப்பு என்றால் ஒரே பொட்டலம் என்று நினைத்திருந்தேன். கோபம் தீர்வது, உறவு திரும்புவது, கணக்கு முடிவது எல்லாம் சேர்ந்தே வரும் என்று. அந்தம்மா அதைப் பிரித்து வைத்திருக்கிறார். பசித்த எதற்கும் சோறு உண்டு, யாருக்கு என்று கேட்பதில்லை. கல்யாணத்துக்கு மட்டும் போகமாட்டார். அந்த ஆளுக்கு அவர் கடன்படவில்லை. சோறு போடுவதால் அவன் விடுபடவும் இல்லை.

பட்டம்பாங் ஓட்டலில் உட்கார்ந்து நண்பனுக்கு அனுப்பிய பழைய செய்தியை எடுத்துப் படித்தேன். நீளமான செய்தி. 'நான்' என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களில் நான் செய்தது எதுவும் இல்லை. நான் பட்ட சங்கடம்தான் இருந்தது. புதிதாக ஒன்று எழுதினேன். அந்தப் பட்டியலுக்கு கோட் எழுதியது நான்தான். எதற்கு என்று தெரிந்தே எழுதினேன். விடுப்புக்கு மதிப்பெண் குறைக்கிற வரியும் அதில் இருந்தது. என்னென்ன அளவுகோல் என்று உனக்கு எப்போதாவது தெரிய வேண்டுமென்றால், எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். மன்னிப்பு என்ற சொல்லை அதில் போடவில்லை.

அனுப்பிவிட்டு, அம்மாவுக்குப் போன் செய்தேன். அமாவாசைக்கு வந்துவிடுவேன் என்றேன். எள் வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னாள். கொஞ்சம் கூடுதலாக வாங்கி வை என்றேன்.